வார்த்தை வேண்டாம்

அந்தேரியில், லிஃப்ட் பழுதான கட்டடத்தின் நாலாம் மாடியில்
ஏழு பேர், ஒரு மைக்.
நாங்கள்தான் ஐயாயிரம் பேர்.

திரையில் ஊர்வலம் வரும். உதடுகள் இந்தியில் அசையும்.
நாங்கள் தமிழில் கத்த வேண்டும்.
கத்தினால் ஷிஃப்டுக்கு எழுநூறு,
அழுகை என்றால் ஐம்பது கூட.

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில்
வசனத்தாளில் ஒரு பெயரும், பின்னால் ஒழிகவும் இருந்தன.
அடுத்த வாரம் பெயரின் மேல் நீல மையில் கோடு.
"ஒழிக மட்டும் இருக்கட்டும்."
யார் ஒழிக, என்று கேட்டார் ஞானதிரவியம்.
சர்ச் கோயரில் பாடுகிறவர்,
எதையும் பொருள் தெரிந்து பாட வேண்டும் அவருக்கு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாவந்த் தோளைக் குலுக்கினான்.
அதற்கும் அடுத்த வாரம் ஒழிகவும் போயிற்று.
தயாரிப்பாளர் போனில் சொன்னாராம்:
"வார்த்தை வேண்டாம். கோபம் மட்டும் போதும்."

வார்த்தை இல்லாமல் எப்படிக் கோபப்படுவது?
ஆ என்றால் பல்வலி. ஓ என்றால் கோயில் கொடை.
ஞானதிரவியம் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னார்.
நான் என் மாதக் கணக்கைச் சொன்னேன்:
துவரம் பருப்பு நூற்றறுபது, கேஸ் தொள்ளாயிரம்,
சயான் கோலிவாடாவில் ஒற்றை அறைக்கு எட்டாயிரம்,
அட்வான்ஸ் தனி.
"சூப்பர்" என்றான் சாவந்த். தமிழ் தெரியாது அவனுக்கு.
"செல்லக்கனி ஆன்ட்டி நிஜமாகவே யாரையோ அடிக்கப் போகிறார்."

அந்தப் பருவம் முழுக்கப் பேய்ப் படங்கள்.
மூன்று மாதத்தில் நாலு. நாலிலும்
வீடு கைமாறுகிறது. வந்தவன் புதுசாய்ச் சுண்ணாம்பு அடிக்கிறான்.
இருந்தவன் சுவருக்குள்ளிருந்து
போக மாட்டேன் என்கிறான்.
யாரும் பேசிவைத்து எடுக்கவில்லை.
வேறு வேறு கம்பெனி, வேறு வேறு இயக்குநர்,
கதவு மட்டும் ஒரே மாதிரி கிறீச்சிட்டது.
நாலிலும் அந்தக் கதவைப் பார்த்து அலறியவள் நான்.
நாலாவது அலறலுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

வில்லன்களின் சட்டையெல்லாம் சாம்பல் ஆனது.
பக்கத்து அறையில் ஒரு பையன்
கணினி முன் உட்கார்ந்து
காவியை, பச்சையை, நீலத்தை, சிவப்பைக்
கழுவிக்கொண்டே இருந்தான்.

ஓட்டு எண்ணிய அன்று விடுமுறை.
மறுநாள் தாதரில் வண்டி மாறும்போது கவனித்தேன்:
பெண்கள் பெட்டியில் யாரும் உடனே சிரிக்கவில்லை.
எதிர் சீட்டின் முகத்தை ஒருதரம் பார்த்து,
பிறகு சிரித்தார்கள்,
அல்லது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.
எங்கள் தொழிலில் இதற்கு லிப் சிங்க் என்று பேர்.

பத்தாம் நாள் அதே ஊர்வலம் திரும்பி வந்தது.
"இப்போது வாழ்க வேண்டும்."
அதே ஆட்கள், அதே முஷ்டி, கழுத்தில் புடைத்த அதே நரம்பு.
உதடு ஒட்டுமா என்றேன்.
வசனம் எழுதும் இசக்கிமுத்து விரல்விட்டு எண்ணிக் காட்டினார்:
"ஒழிக மூணெழுத்து. வாழ்க மூணெழுத்து.
தாராளமா ஒட்டும்மா."
ஒட்டியது.

மூன்றாம் வரிசையில் ஒரு துணைநடிகர்,
கோடு போட்ட சட்டை. வாயே திறக்கவில்லை அவர்.
எங்கள் ஏழு பேரில் யாரும்
அவருக்குக் குரல் தரவில்லை.
இரண்டு முறையும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் கத்தினேன்.

படம் செம்பூரில் காலைக் காட்சி மட்டும் வந்தது.
இருபது பேர் இருந்திருப்போம். ஏ.சி. அதிகம்.
ஊர்வலம் வந்தது. வாழ்க, வாழ்க.
அதற்கு அடியில், அழிக்க மறந்த பழைய டிராக்கில்,
மெல்ல, என் தொண்டை:
துவரம் பருப்பு நூற்றறுபது.

முன் வரிசையில் ஒருத்தி,
சமோசாவைக் கடிக்கப் போனவள், நிறுத்தினாள்.
"இப்போ நூத்தியெண்பது" என்றாள், பக்கத்தில் இருந்தவளிடம்.
என்னவோ தோன்றிப் பின்னால் திரும்பினாள்.

செருப்பைத் தேடுகிறவள் போல்
நான் குனிந்துகொண்டேன்.